பாறைச் சித்திரங்களை நாடிய பெண்மணி

புத்தளம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கடலுக்கும் கடனீரேரிக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கின்றது கற்பிட்டிக் குடாநாடு. அதன் ஊர்களுள் ஒன்று ஆலங்குடா. மேற்கே திறந்த கடல். கிழக்கே அலையடங்கிய கடனீரேரி. இரண்டுக்கும் நடுவே மணல். அந்த மணலிலே கிணறு தோண்டி நீரிறைத்துத் தோட்டஞ் செய்வோரும், அதே மணலில் வலையை உலர்த்திக் கடலை நம்பி வாழ்வோரும் அங்கே குடியிருக்கின்றனர். குன்றும் குகையும் இல்லாத நிலம் அது. பாறைச் சித்திரங்களைப் பற்றிய பேச்சு ஆலங்குடாவிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம்.

ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் மறு கரையிலே, திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் மேடுகளில், கடலையும் கழியையும் நம்பி வாழ்ந்த கற்கால மக்களின் கருவிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஓர் இளம் பெண்மணி. அவரே சில ஆண்டுகளின் பின்னர், விந்திய மலைப் பகுதியில் இருக்குமிடம் மறந்துபோயிருந்த ஒரு சித்திரப் பாறையை மீண்டும் கண்டு உலகுக்கு அறிவித்தார். இலங்கையின் கற்காலக் கருவிகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். அவர் பெயர் பிரிஜெற் அல்ச்சின். இந்திய உபகண்டத்தின் தொல்பொருளாராய்ச்சிக் களத்திலே பெண்கள் மிக அரிதாயிருந்த காலத்தில் அத்துறையில் இறங்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

அவருடைய பணியின் பெருமையை உணர வேண்டுமாயின், பாறைச் சித்திரம் என்பது யாது என்பதையும், அது எவ்வாறு ஒருமுறை கண்டெடுக்கப்பட்டு மறுபடியும் தொலைந்துபோனது என்பதையும் முதலில் அறிதல் நலம்.

எழுத்து அறியாத காலத்து மனிதர் மலைக்குகைகளிலும் பாறை ஒதுக்குகளிலும் விட்டுச்சென்ற உருவங்களே பாறைச் சித்திரங்கள். அவை இருவகைப்படும். காவிக்கல்லைத் தேய்த்தும் வெண்மண்ணைக் குழைத்தும் தீட்டியவை ஒருவகை. கடினமான கல்லொன்றினால் பாறையின் மேற்றோலைக் கொத்திக் கொத்தி உருவம் அமைத்தவை மற்றொரு வகை. வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த பாறையிலே கொத்திய இடம் முதலில் வெளுத்துத் தோன்றும். நாளடைவில் அதுவும் கறுத்துப் பாறையோடு ஒன்றிவிடும். மிகக் கறுத்தது பழையது, வெளுப்பு மாறாதது புதியது என்று ஆராய்ச்சியாளர் ஓரளவு காலவரிசை கூறுவதற்கு இந்த நிறமாற்றம் துணை செய்கின்றது.

இத்தகைய சித்திரங்கள் கற்காலத்தன என்று உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பெயின் நாட்டின் அல்ற்றமீரா என்னும் குகையிலே 1879 ஆம் ஆண்டில் சௌத்துவோலா என்பவர் தரையைக் கிளறிக்கொண்டிருந்தபோது, அவருடைய சிறு மகள் மரியா தலையை நிமிர்த்திக் கூரையிலிருந்த காட்டெருமைகளைக் கண்டாள். அறிஞர் பலர் அதனை நம்ப மறுத்தனர். கற்கால மனிதனுக்கு இத்தகைய கைத்திறன் ஏது என்று கேட்டனர். 1902 ஆம் ஆண்டிலேதான் பிரெஞ்சு அறிஞர் கார்த்தையாக் தமது தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். சௌத்துவோலா அதனைக் காண உயிரோடு இருக்கவில்லை.

அல்ற்றமீராவுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவில் இத்தகைய சித்திரங்களைக் கண்டவர் ஒருவர் உளர். அவர் ஆர்ச்சிபால்ட் கார்லைல். கன்னிங்காம் தலைமையில் இயங்கிய இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையிலே உதவியாளராகப் பணிபுரிந்தவர். 1867, 1868 ஆம் ஆண்டுகளில் மிர்சாப்பூர் மாவட்டத்துக் கைமூர் மலைத்தொடரில் பாறை ஒதுக்குகளின் சுவர்களிலே செந்நிறச் சித்திரங்களைக் கண்டதாக அவர் குறித்தார். அவ்வொதுக்குகளின் தரையைத் தோண்டியபோது நகத்தினளவே உள்ள நுண்ணிய கற்கருவிகள் கிடைத்தன. அவற்றோடு, தேய்த்துத் தேய்த்துப் பக்கங்கள் மழுங்கிய காவிக்கற் கட்டிகளும் கிடைத்தன. சுவரிலே சித்திரம், தரையிலே அதனைத் தீட்டிய காவி, அதனோடு கருவி. இதனினும் சிறந்த சான்று வேறு என்ன வேண்டும்?

ஆனால் கார்லைல் தாம் கண்டவற்றை முறையான அறிக்கையாக வெளியிடவில்லை. அவர் 1885 இல் ஓய்வுபெற்றார். 1897 இல் மறைந்தார். அவர் சேர்த்த கற்கருவிகள் பல நூதனசாலைகளுக்குப் பிரிந்து சென்றன. குறிப்புகள் பிறர் கைக்குப் போயின. 1906 ஆம் ஆண்டில் வின்சன்ற் சிமித் என்னும் வரலாற்றாசிரியர் அக்குறிப்புகளில் ஒரு பகுதியை வெளியிட்ட பின்னரே, கார்லைல் கண்டது என்ன என்று பலருக்குத் தெரியவந்தது. அதற்குள் ஐரோப்பாவின் குகைகள் புகழடைந்துவிட்டன. கார்லைல் தோண்டிய இடங்களுள் ஒன்றான மோர்கானா பகாடு என்பதன் பெயர் மட்டும் ஏட்டிலே எஞ்சியது. இடம் எது என்பது ஆராய்ச்சியுலகின் நினைவிலிருந்து அகன்றது. கண்டெடுத்த பொருள் எழுதி வைக்கப்படாவிடின் இரண்டாம் முறையும் புதைந்துபோகும் என்பதற்கு இதுவே தக்க சான்று. அவ்விரண்டாம் புதைவிலிருந்து அதனை மீட்டவர் பிரிஜெற் அல்ச்சின்.

அவர் 1927 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 ஆம் நாள் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலே பிறந்தார். பிறந்த குடியின் பெயர் கோர்டன். ஸ்கொத்லாந்தின் கலோவே என்னும் பகுதியில் ஒரு பண்ணையிலே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கல்வியைத் தொடங்கிய அவர், குடும்பத்தினருடன் தென்னாபிரிக்காவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே கேப்ரவுண் பல்கலைக்கழகத்திலே மானிடவியலும் தொல்பொருளியலும் பயின்றார். மானிடவியலை ஐசாக் ஷபேராவும் தொல்பொருளியலைக் குட்வினும் கற்பித்தனர். பசூத்தோ மக்களின் மொழியையும் அவர் கற்றார்.

தென்னாபிரிக்கா அவருடைய நோக்கை உருவாக்கிய நாடு எனலாம். குட்வின் அந்நாட்டுக் கற்காலத்தை முறைப்படுத்தி வகுத்தவர்களுள் ஒருவர். புஷ்மன் என வெள்ளையரால் அழைக்கப்பட்ட சான் மக்களின் பாறைச் சித்திரங்கள் நிறைந்த நாடு அது. அவர்களது வழித்தோன்றல்களிற் சிலர் அப்பொழுதும் வேட்டையாடி வாழ்ந்தனர். ஆகவே கற்கருவி என்பது கண்ணாடிப் பெட்டியிலே அடுக்கி வைக்கும் பொருளாக மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அதனைச் செய்த கை, அம்பிலே பூட்டிய முறை, வேட்டை முடிந்து திரும்பிய குடும்பம், அவர்கள் தங்கிய ஒதுக்கின் சுவர் ஆகிய அனைத்தையும் ஒன்றாக நோக்க வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது.

1950 இல் அவர் இலண்டன் தொல்பொருளியல் நிறுவனத்தில் பேராசிரியர் பிரெடெரிக் சொய்னரின் கீழ் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அங்கேதான் இந்தியத் தொல்பொருளியலில் ஈடுபட்டிருந்த றேமண்ட் அல்ச்சினைச் சந்தித்தார். 1951 இல் திருமணம் நடந்தது. அவ்வாண்டிலேயே இருவரும் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். அன்று தொடங்கிய பயணம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இருவரையும் ஒரே பணியிற் பிணைத்து வைத்தது. தொடக்க ஆண்டுகளில் கணவர் நடத்திய அகழ்வுகளுக்குப் பெருந்துணையாக இருந்தவாறே, கற்காலத்தைத் தமக்குரிய தனித்துறையாக அவர் வளர்த்துக்கொண்டார்.

அவர் பெயர் தமிழ்நாட்டு வரலாற்றோடு இணைந்தது தேரிகளினாலே. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரையோரத்தில் காற்றுக் குவித்த செம்மணல் மேடுகளைத் தேரி என்பர். அம்மேடுகளிலே சிறு கற்கருவிகள் கிடைப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புறூஸ் பூட் கண்டிருந்தார். சொய்னரும் பிரிஜெற் அல்ச்சினும் சேர்ந்து, சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் கருவிகளையும் மணலடுக்குகளையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1956 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் துறையின் ‘ஏன்ஷியன்ற் இந்தியா’ என்னும் வெளியீட்டில் வந்தது. வெண்கல் என்னும் குவார்ட்சினாலும் சேர்ட்டு என்னும் தீக்கல் வகையினாலும் ஆக்கப்பட்டவை அக்கருவிகள். மணலிலுள்ள இரும்புச்சத்து அவற்றின்மேற் படிந்து செந்நிறம் ஊட்டியிருந்தது.

அச்சாயமே அவர்களுக்குச் சாட்சியாயிற்று. எந்த மணலடுக்கிலே கருவி கிடந்தது, அம்மணல் எப்பொழுது குவிந்தது, அப்பொழுது கடல் எவ்வளவு உயரத்தில் நின்றது என்று படிப்படியாக ஆராய்ந்தனர். கடல் இன்றைய மட்டத்தைவிட 20 முதல் 30 அடி உயர்ந்து நின்ற ஒரு காலத்தோடு அக்கருவிகளைத் தொடர்புபடுத்தி, அவை கி.மு. 4000 அளவில் வழங்கியிருக்கலாம் என்று கணித்தனர். மணலின் வயதை நேரே அளக்கும் புதிய முறைகள் வந்தபின் தேரிகளின் காலம் மறுபடியும் ஆராயப்பட்டு வருகின்றது. ஆயினும் கருவியை மணலோடும் கடலோடும் சேர்த்து நோக்க வேண்டும் என்று அவர்கள் காட்டிய வழி இன்றும் நிலைத்துள்ளது.

தேரிகளிலே வாழ்ந்தவர் யாவர்? கழிகளையும் உப்பங்கரைகளையும் அடுத்த மணல்மேடுகளில் அவர்கள் தங்கியிருந்தனர். ஆதலின் அவர்கள் மீன்பிடித்தும் பறவைகளை வேட்டையாடியும் வாழ்ந்தவர்களாதல் வேண்டும் என்று அல்ச்சின் கருதினார். இந்தியக் கரைகளில் மீனவர் இன்றும் அத்தகைய மணல்மேடுகளை அடுத்துக் குடிசையமைத்து வாழ்வதை அவர் ஒப்புநோக்கிக் காட்டினார். கடலுக்கும் கடனீரேரிக்கும் இடையே மணலில் வாழும் ஆலங்குடா மக்களுக்கு அந்த விளக்கம் அந்நியமாய்த் தோன்றாது. வலை காயவைக்க இடம், காற்றுக்கு ஒதுக்கு, தோண்டினால் நன்னீர் என மனிதர் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளும் காரணங்கள் ஆயிரம் ஆண்டுகளிலும் பெரிதும் மாறுவதில்லை.

தேரியிலிருந்து அவர் பார்வை இலங்கைக்குத் திரும்பியது. 1958 ஆம் ஆண்டில் ‘இலங்கையின் பிற்கற்காலம்’ என்னும் பொருளில் அவர் எழுதிய கட்டுரை அரச மானிடவியல் நிறுவனத்தின் ஏட்டிலே வெளிவந்தது. பண்டாரவளை முதலிய மலைநாட்டு இடங்களிற் கிடைத்த குவார்ட்சுக் கருவிகளைத் தென்னிந்தியக் கருவிகளோடு, சிறப்பாகத் தேரிக் கருவிகளோடு, அவர் ஒப்பிட்டார். இருபுறமும் செதுக்கிய கூர்முனைகள் வளைகுடாவின் இரு கரைகளிலும் காணப்படுவது அவர் கருத்தை ஈர்த்தது. பின்னர் சிரான் தெரணியகலை முதலியோர் நடத்திய அகழ்வுகள் இலங்கையின் நுண்கற்கருவிகள் நினைத்ததைவிட மிகப் பழையன என்று காட்டின. பாகியன் குகையில் அவை ஏறத்தாழ 48,000 ஆண்டுத் தொன்மை உடையன என 2019 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அல்ச்சின் எழுதியபோது இவ்வுண்மை யாருக்கும் தெரியாது. கையிலிருந்த கற்களைச் செம்மையாக வகைப்படுத்தி வைத்ததே அவர் செய்த உதவி. பின்வந்தோர் திருத்துவதற்கும் ஒரு பதிவு வேண்டுமன்றோ!

அதே 1958 ஆம் ஆண்டில் ‘மான்’ என்னும் மானிடவியல் ஏட்டிலே அவருடைய வேறொரு கட்டுரை வந்தது. அளவிற் சிறியது, ‘மோர்கானா பகாடு: ஒரு மறுகண்டுபிடிப்பு’ என்பது அதன் பெயர். கார்லைல் விட்டுச்சென்ற பெயரின் வழியே சென்று, மிர்சாப்பூர்ப் பகுதியின் மலைமேட்டிலே அப்பாறை ஒதுக்குகளை அவர் மீண்டும் அடையாளங் கண்டார். இடத்தைக் குறித்தார். சித்திரங்களைப் பதிவு செய்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கருவி ஓரிடத்திலும் சித்திரம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்த கதை மறுபடியும் ஒன்று சேர்ந்தது. சில ஆண்டுகளில் அலகபாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வர்மா அப்பகுதியிலே முறையான அகழ்வு நடத்தினார். இடம் தெரிந்தமையாலன்றோ அகழ்வும் இயல்வதாயிற்று!

மோர்கானா பகாட்டின் சித்திரங்களுள் ஒன்று எவர் நெஞ்சையும் தொடவல்லது. அதிலே இரண்டு தேர்கள் உள்ளன. ஒன்றை நான்கு குதிரைகளும் மற்றதை இரண்டு குதிரைகளும் இழுக்கின்றன. வில்லும் வேலும் ஏந்திக் கால்நடையாய் நிற்கும் சிலர் அத்தேர்களை வழிமறிக்கின்றனர். அதனைத் தீட்டியவர் தேரிலே சென்றவரல்லர். குகையிலே வாழ்ந்தவராதல் வேண்டும். தேரேறிய மன்னரின் வரலாற்றைப் பாட்டும் பட்டயமும் கூறும். அத்தேரைக் காட்டோரத்திலிருந்து கண்டவர்களின் நினைவைக் கூற இப்பாறையன்றி வேறு ஏடு இல்லை. வேட்டைச் சமூகம் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. உழவரும் வணிகரும் அரசரும் தோன்றிய பின்னரும் அவர்களுக்கு அயலிலேயே நெடுங்காலம் வாழ்ந்து அவர்களோடு பகைத்தும் உறவாடியும் வந்தது. அல்ச்சினின் நூல்களிற் பலகாலும் எழும் இக்கருத்துக்கு அப்பாறை கண்கண்ட சான்று.

அல்ச்சின் தம்பதியர் நெடுங்காலம் உழைத்த வேறொரு களம் கருநாடகத்தின் ராய்ச்சூர்ப் பகுதி. அங்கே கருங்கற் குன்றுகள் உருண்டை உருண்டையான பாறைகளை அடுக்கியது போல எழுந்து நிற்கும். அவற்றினிடையே புதிய கற்கால மக்கள் மாடு மேய்த்து வாழ்ந்தனர். பிக்கிலிகால் என்னுமிடத்து அகழ்வைப் பற்றி றேமண்ட் அல்ச்சின் 1960 இல் நூல் வெளியிட்டார். அக்குன்றுகளின் பாறைகளிலே திமிலுயர்ந்த, நெடுங்கொம்புடைய காளைகள் கொத்தப்பட்டுள்ளன. கீழே நிலத்தில் மாட்டெலும்பு, மேலே பாறையில் மாட்டுருவம். வட கருநாடகத்துப் பாறைச் சித்திரங்களைப் பற்றிக் கணவனும் மனைவியும் இணைந்து எழுதிய விரிவான கட்டுரை 1990களின் நடுப்பகுதியில் தக்காணக் கல்லூரியின் ஏட்டிலே வெளிவந்தது. முதற் பயணத்திற்கும் அக்கட்டுரைக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கின்றது.

பாறைச் சித்திரத்தைப் பதிவு செய்வது எளிய வேலையன்று. பாறை சமதளமாக இராது. கூரையிலுள்ள உருவத்தை மல்லாந்து கிடந்தே பார்க்க வேண்டும். காலை வெயிலில் தெரியும் கோடு நண்பகலில் மறையும். ஓர் உருவத்தின்மேல் வேறோர் உருவம், அதன்மேல் மற்றொன்று எனப் பல தலைமுறைகள் தீட்டியிருக்கும். எது அடியிலுள்ளது, எது மேலுள்ளது என்று பிரித்தறிதல் வேண்டும். கட்டமிட்ட தாளிலே அளவு தவறாது வரைதல், அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுத்தல், ஒதுக்கு எத்திசை நோக்குகின்றது, அங்கிருந்து நீர் எவ்வளவு தூரம், தரையிலே என்ன கிடந்தது என்று குறித்தல் ஆகிய யாவும் அவ்வேலையின் பகுதிகள். நிறம் தெளிவாய்த் தெரியும்பொருட்டு நீர் தெளிப்பதும் சுண்ணக்கட்டியாற் கோடிடுவதும் ஒருகாலத்தில் வழக்கமாயிருந்தன. அவை சித்திரத்துக்கே கேடு விளைப்பன என்று பின்னரே உணரப்பட்டது. இக்காலத்தில் கணினியின் உதவியால் மங்கிய நிறத்தைப் படத்திலேயே மிகுத்துக் காட்டும் முறை வந்துள்ளது. பாறையைத் தொடவே வேண்டுவதில்லை.

இத்தகைய பணியிலே பெண்கள் பலர் ஈடுபட்டமை குறிப்பிடத்தக்கது. தென்னாபிரிக்காவில் ஆசிரியையாயிருந்த எலன் ரங் என்பவர் பெயர்த்து வரைந்த சான் சித்திரங்கள் 1909 இல் நூலாக வந்தன. அல்ச்சின் தம்பதியர் இந்தியாவுக்குப் புறப்பட்ட அதே 1951 ஆம் ஆண்டில், மேரி லீக்கி அம்மையார் கிழக்காபிரிக்காவின் கொண்டோவா என்னுமிடத்தில் பாறைச் சித்திரங்களைப் பெயர்த்தெழுதினார். அவர் பதிந்த உருவங்கள் ஏறத்தாழ 1,600. அவற்றிற் சிறந்தனவற்றைத் தொகுத்து 1983 இல் அவர் வெளியிட்ட நூலுக்கு, ஆபிரிக்காவின் மறைந்துவரும் கலை என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இலங்கைக்கும் இவ்வரிசையில் இடம் உண்டு. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் இந்நாட்டு வேடர்களிடையே தங்கி ஆராய்ந்தனர். 1911 இல் வெளிவந்த அவர்களது நூலின் முகப்பிலே கணவர் சாள்ஸ் செலிக்மனின் பெயரோடு மனைவி பிரெண்டா செலிக்மனின் பெயரும் உண்டு. கற்குகைச் சுவர்களிலே சாம்பலைக் குழைத்து விரலால் உருவம் வரையும் வழக்கம் வேடர் குலப் பெண்களிடம் இருந்ததை அந்நூல் பதிவு செய்தது. வேட்டைக்குச் சென்ற ஆடவர் திரும்பும்வரை காத்திருந்த வேளையிலே தீட்டியவை அவை. குகைச் சித்திரம் என்றவுடன் ஆணின் கையையே நினைப்பது உலகின் வழக்கம். இலங்கைக் குகைகளிலே அவ்வழக்கத்துக்கு மாறான சான்று கிடைத்தது. கிழக்குக் கரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் கரையோர வேடரைப் பற்றியும் அந்நூல் கூறுகின்றது.

பிரிஜெற் அல்ச்சின் தம் ஆராய்ச்சியின் பயனை 1966 இல் ‘கல்முனை அம்பு’ எனப் பொருள்படும் நூலாக வெளியிட்டார். ஆபிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பிற்கற்கால வேட்டையரை ஒருங்கு வைத்து ஆராய்வது அந்நூல். 1968 இல் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய இந்திய நாகரிகத்தின் பிறப்பைப் பற்றிய நூல் மலிவுப் பதிப்பாக உலகெங்கும் பரவி, ஒரு தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. 1978 இல் புவியியலறிஞர் அன்ட்றூ கூடி, பரோடாவைச் சேர்ந்த ஹெக்டே ஆகியோருடன் இணைந்து தார்ப் பாலைநிலத்தின் தொல்வரலாற்றை எழுதினார். தேரியிலே மணலடுக்கைப் படிக்கக் கற்ற கண், பாலையிலும் அதே பாடத்தைப் படித்தது. அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜில் இந்தியாவையும் ஈரானையும் ஆராய்வதற்கென ஒரு நிதியத்தை அல்ச்சின் தம்பதியரும் சேர் ஹறோல்ட் பெய்லி முதலிய அறிஞரும் நிறுவினர். 2010 இல் றேமண்ட் அல்ச்சின் மறைந்தார். பிரிஜெற் அல்ச்சின் 2017 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆம் நாள் தமது தொண்ணூறாவது வயதிலே காலமானார்.

அவர் மறைந்தாலும் அவர் எதிர்நோக்கிய கேள்வி மறையவில்லை. மனிதர் எழுதி வைக்குமுன் பாறை அழிந்துவிடுமோ என்பதே அது. முன்னர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியிலே குப்கல் என்னும் குன்று உண்டு. அதன் பாறைச் சித்திரங்களை 1892 ஆம் ஆண்டிலேயே அறிஞர் அறிவித்தனர். நிக்கோல் போய்வின் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் இக்காலத்தில் அங்கு ஆராய்ந்து 2004 இல் எழுதினார். அக்குன்றிலே தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறைகள் உள்ளன என்றும், தொல்பழங்காலத்தில் தட்டிய குழிகள் அவற்றிலே காணப்படுகின்றன என்றும் அவர் காட்டினார். சித்திரத்தோடு ஓசையும் அக்குன்றிலே பொதிந்திருந்தது. அப்பகுதியில் கருங்கல் உடைக்கும் தொழில் அக்குன்றையும் அரித்து வருவதை அவர் எச்சரித்தார். வெடி வைத்துத் தகர்த்த பாறையிலே எஞ்சுவது சல்லிக்கல். அதன் சித்திரமும் ஓசையும் ஒருவர் எழுதி வைத்த ஏட்டிலன்றி வேறெங்கும் இரா.

தமிழகத்திலும் இதே நிலைதான். 1978 இல் தருமபுரிப் பகுதியின் மல்லப்பாடியிலே பேராசிரியர் கே. வி. இராமன் பாறைச் சித்திரங்களைக் கண்டு அறிவித்த பின்னர், விழுப்புரத்துக் கீழ்வாலை, நீலகிரிக் கரிக்கியூர் என ஊர்தோறும் அவை வெளிப்பட்டு வந்தன. பல ஆயிரம் ஆண்டுகள் நின்ற உருவங்களின்மேல் தம் பெயரைக் கிறுக்கிச் செல்வோரும் உளர். இலங்கையில் வில்பத்துக் காட்டை அடுத்த தந்திரிமலைக் குகையின் சித்திரங்களும் காப்பை வேண்டி நிற்பனவே.

இனி ஆலங்குடாவுக்குத் திரும்பலாம். அவ்வூரின் மணலிலே சித்திரப் பாறை இல்லை என்பது மெய். ஆனால் கடனீரேரிக்கு அப்பால், அதே புத்தளம் மாவட்டத்தில், பொம்பரிப்பு என்னுமிடம் இருக்கின்றது. அங்கே மண்ணில் புதைத்த ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. அவை தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுவன. அவ்விடத்தை 1970 இல் அகழ்ந்து ஆராய்ந்து அறிக்கை எழுதியவரும் ஒரு பெண்மணியே. விமலா பெக்லி என்னும் அவர், பின்னர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1989 முதல் 1992 வரை அகழ்வு நடத்திப் புகழ்பெற்றார். ஆகவே கற்பிட்டிக் கரையில் வாழ்வோர்க்குத் தொல்பொருள் என்பது தொலைதூரத்து மலைக்குரிய செய்தி அன்று. அவர்கள் கண்ணெதிரே கிடக்கும் நீர்ப்பரப்பின் மறு கரையிலேயே அது இருக்கின்றது.

தோட்டத்துக்குக் கிணறு வெட்டுகையிலோ, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டுகையிலோ, கூரிய வெண்கற் சில்லு ஒன்றோ தடித்த கறுப்புச்சிவப்பு ஓட்டுத் துண்டொன்றோ வெளிப்படலாம். அதனை எடுத்து வீட்டு மாடத்தில் வைப்பதனால் வரலாறு வளராது. கார்லைலின் கற்கள் நூதனசாலையிலே இருந்தும் இடந்தெரியாது நெடுங்காலம் ஊமையாய்க் கிடந்ததை நினைத்தல் வேண்டும். கிடந்த இடத்திலேயே அதனை விட்டு, இடத்தையும் ஆழத்தையும் நாளையும் ஒரு தாளிலே குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பாடசாலை ஆசிரியருக்கோ அறிவித்தல் எவருக்கும் இயலும். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை.

மோர்கானா பகாட்டின் தேரை வழிமறித்தவர் யார், அவர் பெயர் என்ன, எந்த மொழி பேசினார் என்று இனி ஒருவரும் கூற முடியாது. ஆயினும் அவர் இருந்தார் என்பதை இன்று உலகம் அறியும். சித்திரத்தைத் தீட்டிய கையோடு, இடத்தைத் தேடிச் சென்று எழுதி வைத்த ஒரு பெண்ணின் கையும் அதற்குக் காரணம்.